கோட்டுக்கு இங்கால் இரண்டு விரல்

அங்கே இன்னும் வெளிச்சம்.
இங்கே சாமம் பன்னிரண்டு தாண்டி
கல்முனை ஐஸ் வாடியில்
இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கிறது.
உப்பு மூட்டையில் போனைச் சாய்த்துவைத்து
றப்பர் சப்பாத்தோடு நிற்கிறேன்.
வெளியே இஸ்மத் காக்காவின் லொறி.
விடியுமுன் பொத்துவிலுக்கு எண்பது பாளம் போகவேண்டும்.

வினோகாந்தின் பெயரை
அறிவிப்பாளர் மூன்றாய் முறித்து வாசிக்கிறார்.
திருக்கோவிலென்று சொல்லவில்லை.
மூன்று எழுத்தும் ஒரு கொடியும்
வந்து மறைந்தன.

முதல் பாய்ச்சல் சிவப்புக் கொடி.
இரண்டாவதும் சிவப்பு.
கமரா பெரிதாக்கிக் காட்டுகிறது,
சப்பாத்து நுனி
நகக்கண் அளவு கோட்டுக்கு அப்பால்.

எனக்குள் ஏதோ இனித்தது.
பொய் சொல்லமாட்டேன், இனித்தது.

அன்றைக்கு அவன் ஏழு மீற்றர் ஐம்பத்தாறு,
நான் ஐம்பத்திரண்டு.
வெபர் மைதானம். ஆடி மத்தியானம்.
காற்றளக்கும் கருவியை யாரோ கொழும்பிலேயே விட்டுவந்திருந்தார்கள்.
அவன் ஓடும்போது முதுகில் கச்சான்.
நான் ஓடும்போது கச்சான் என்றால்
கேற்றடியில் சுருளில் விற்றது மட்டும்தான்.
நாலு சென்ரிமீற்றர்.
இரண்டு விரலை ஒட்டிவைத்துப் பாருங்கள், அவ்வளவு.
அந்த அகலத்துக்குள்தான்
அவனுக்கு விமானம் வந்து இறங்கியது,
எனக்கு ஐஸ் பாளம்.

மூன்றாவது.
மற்றவர்கள் தலைக்குமேல் கைதட்டிச்
சனத்தையும் தட்டச் சொன்னார்கள்.
இவன் சும்மா நிற்கிறான்,
வாய்க்காலில் தண்ணி எவ்வளவு ஏறியிருக்கென்று
பார்க்க வந்தவன் மாதிரி.
எனக்குத் தெரியும், அது எண்ணிக்கை.
இருபது எட்டு.
முதல் நாலும் குனிவு, மறுகா நிமிர்வு,
பதினெட்டில் இடுப்பு கொஞ்சம் தாழும்.
அந்தத் தாழ்வை நான் அவனிடம் களவெடுத்தேன்.
அந்தரத்தில் கால் மிதிப்பதை
அவன் என்னிடம்.

பதினேழு, பதினெட்டு,
என் சப்பாத்து ஈரத்தரையில் ஓங்கி மிதித்தது.
நான் சொல்லவில்லை, அதுவாக மிதித்தது.
கொக்கி வழுகி
ஒரு பாளம் சரிந்து விழுந்து வெடித்தது.

வெள்ளைக் கொடி!
ஏழு தொண்ணூற்றொன்று.
நான் போட்ட சத்தத்தில்
காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"வெண்டிட்டானா?"
"முதல் எட்டுப் பேருக்குத்தான் இன்னும் மூணுதரம் பாயலாம்.
எட்டாமாளும் இவனும் ஒரே தூரம். சமன்."
"சமனெண்டா ரெண்டு பேரையும் விடட்டுமே."
"விடமாட்டாங்க காக்கா.
சமனெண்டா அவனவன்ட ரெண்டாவது நல்ல பாய்ச்சலப் பாப்பாங்க."
"இவன்ட ரெண்டாவது?"
"இல்ல. இவனுக்கு ரெண்டாவது இல்ல."

சொன்னபிறகு
அந்தச் சொல் வாயில் கிடந்தது,
ஐஸ் துண்டைக் கடித்தால்
பல் கூசுமே, அப்படி.

கமரா வேறு யாரிடமோ போய்விட்டது.
ஓரத்தில் மங்கலாய் அவன்
சப்பாத்துக்குள் புகுந்த மணலைக் கொட்டுகிறான்,
எப்போதும்போல இடதுகால் முதலில்.

திருப்பி ஓடவிட்டுப் பார்த்தேன். நிறுத்தினேன்.
வெள்ளைப் பலகையில்
கோட்டுக்கு இங்கால் இரண்டு விரல் மிச்சம்விட்டுக்
காலை வைத்திருக்கிறான்.
இரண்டு சிவப்புக் கண்டவனின் கால் அது.
அந்த இடைவெளியைப் பாய்ந்தவன்தான்,
நாடா அதைக் கணக்கில் எடுக்காது.

"நீ பாய்ஞ்சது ஏழு தொண்ணூற்றஞ்சு" என்று எழுதினேன்.
அழித்தேன்.
அதையே எழுதி அனுப்பினேன்.
ஒற்றைச் சரி விழுந்து அப்படியே நிற்கிறது.

"டேய், எழுபத்தொம்பதுதான் கிடக்கு!"
லொறிக்குள்ளிருந்து காக்கா.
உடைந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டு
இன்னொரு பாளம் இழுக்கப் போனேன்.